கடைசி இடத்தின் மதிப்பெண்

தேசியத் தேர்வு வாரியத்தின் கையேடு, பள்ளித் தேர்வுப் பொறுப்பாளர் என்பவரை இப்படி வரையறுக்கிறது: “அமைதியான சுபாவமும் எழுத்துப் பணியில் நீண்ட பழக்கமும் உடையவர். தேர்வர் எவரோடும் உறவு அற்றவர். தேர்வு முடிவுகளால் தமக்கு இலாபமோ நட்டமோ இல்லாதவர்.”

அந்தப் பள்ளியில் இப்பதவியை வகித்தவர் விளையாட்டு ஆசிரியர். மைதானத்தின் ஒரு கோடியில் நின்று அவர் ஒருவனைத் திட்டினால் மறுகோடியில் நிற்பவன் மன்னிப்புக் கேட்பான். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அதனால் மாணவர்கள் அவரை விசில் என்றார்கள். அவர்கள் சொல்லக் கேட்டு ஆசிரியர்களும் சொன்னார்கள். ஆசிரியர்கள் சொல்லக் கேட்டு ஒருமுறை, வாய் தவறி, தலைமையாசிரியையும் சொல்லிவிட்டார். எழுத்துப் பணியில் அவருக்கு இருந்த நீண்ட பழக்கம், கிழிந்த பந்துகளுக்குப் பதில் புதிய பந்துகள் கேட்டு ஆண்டுதோறும் விண்ணப்பம் எழுதியது. அதுவும் பழைய விண்ணப்பத்தில் தேதியை மாற்றியதுதான். உறவு என்று பார்த்தால், அவருடைய ஒரே மகன் அந்த ஆண்டு அதே பள்ளியில் இறுதித் தேர்வு எழுத இருந்தான். அதுவும் இரண்டாம் முறையாக.

இருந்தாலும் நியமனத்தில் ஒரு தர்க்கம் இல்லாமல் இல்லை. மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் தேர்வுக்குரிய ஏதாவது ஒரு பாடம் நடத்தினார்கள். தம் பாடத்தில் பிள்ளைகள் தேறவேண்டும் என்ற அக்கறை, கையேட்டின் கண்ணில், ஒரு நோய். கால்பந்துக்கு மட்டும்தான் தேசியத் தேர்வு கிடையாது.

“மேடம், என் பையனே எழுதுறானே,” என்றார் விசில்.

“தெரியும் சார். அதை இந்தப் பக்கத்துல எழுதிக் குடுத்துடுங்க.”

“எழுதிக் குடுத்தா?”

“நீங்க நேர்மையானவர்னு ஆயிடும்.”

“வாரியம் வேணாம்னு சொல்லிட்டா?”

“வாரியம் பதில் போட்டதா சரித்திரமே இல்ல சார்.”

இதில் மட்டும் தலைமையாசிரியை கணித்தது தவறு. வாரியம் பதில் போட்டது. ‘தங்கள் அறிவிப்பு பெறப்பட்டு, கோப்பில் சேர்க்கப்பட்டது.’ உறவு கோப்பில் சேர்ந்துவிட்ட காரணத்தால் அவர் அன்றிலிருந்து உறவற்றவர் ஆனார்.

மகனின் நிலைமை ஊரறிந்தது. சென்ற ஆண்டு கணக்கில் கவிழ்ந்தான். இந்தச் சான்றிதழின் விதி அப்படி: ஐந்து பாடத்திலும் ஒரே ஆண்டில் தேற வேண்டும். நான்கில் கொடி நாட்டி ஒன்றில் வழுக்கினாலும் ஐந்தும் போயிற்று. மறு ஆண்டு எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும். குளிர்சாதனப் பயிற்சிக் கூடம் ஒன்று அவனுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. இந்த ஆண்டு சான்றிதழோடு வந்தால் சேரலாம். அடுத்த ஆண்டு வந்தால் வயது தாண்டியிருக்கும். ஆகவே வீட்டில் கணக்கைத் தவிர வேறு பேச்சு இல்லை. மற்ற நான்கைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. தொழில்நுட்பப் பாடத்தைப் பற்றி யாருமே கவலைப்படவில்லை.

பொறுப்பாளர்களுக்கான விளக்கக் கூட்டம் ஒரு பெரிய கூடத்தில் நடந்தது. வாரிய அதிகாரி ஒருவர், மெல்லிய குரலும் இனிய சிரிப்பும் உடையவர், திரையில் படம் போட்டு விளக்கினார். ஒவ்வொரு பாடத்திலும் பாதி மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு. அதை வெளியார் திருத்துவார்கள். மறுபாதி அகமதிப்பீடு. பிள்ளைகள் ஆண்டு முழுவதும் பள்ளியில் செய்த வேலைக்கு ஆசிரியரே போடுவது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

“ஆனா ஒரு விஷயம்,” என்றார் அதிகாரி. “நீங்க போடுற மார்க் எங்களுக்கு வேணாம். வரிசை மட்டும் போதும்.”

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. அவர் சிரித்துக்கொண்டே தொடர்ந்தார். நாடு முழுவதும் ஆசிரியர்கள் இரக்கம் மிகுந்தவர்கள். எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பிள்ளைக்கும் முழு மதிப்பெண் வருகிறது. வாரியம் இரக்கத்துக்கு எதிரி இல்லை. ஆனால் அதைக் கூட்டிக் கழிக்க முடியாது. எனவே பள்ளி, தன் பிள்ளைகளுள் யார் முதல், யார் அடுத்து, யார் கடைசி என்று வரிசை மட்டும் தரவேண்டும். அதே பிள்ளைகள் எழுத்துத் தேர்வில் எடுக்கும் மதிப்பெண்களை வாரியம் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, இந்த வரிசைப்படி பிரித்துக் கொடுக்கும். அதுதான் அகமதிப்பீடு.

விசில் எழுந்தார். ஒலிபெருக்கி அவருக்குத் தேவைப்படவில்லை.

“சார், கடைசியில இருக்கிற பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?”

“அந்தப் பள்ளியில அந்தப் பாடத்துல ஆகக் குறைஞ்ச எழுத்துத் தேர்வு மார்க் எதுவோ, அது.”

“அது யாரு எடுத்ததா இருந்தாலுமா?”

“யாரு எடுத்ததா இருந்தாலும்,” என்று சொல்லிவிட்டு அதிகாரி தண்ணீர் குடித்தார்.

புரிந்தவர்கள் சிலர், தலையாட்டியவர்கள் எல்லோரும். விசிலுக்குப் புரிந்தது திரும்பி வரும் பேருந்தில்தான். ஒரு மைதானத்தில் பிள்ளைகள் வந்து சேர்ந்த வரிசையை இவர் சொல்வார். வேறொரு நாள் வேறொரு மைதானத்தில் அவர்களே ஓடிய நேரங்களை யாரோ எடுத்து, இந்த வரிசைப்படி கையில் கொடுப்பார்கள். இவன் ஓடியது அவனுக்குப் போகும். விளையாட்டு உலகில் இப்படிச் செய்தால் அடிதடி நடக்கும். கல்வித் துறையில் இதற்குச் சீராக்கம் என்று பெயர்.

மறுநாள் ஆசிரியர் அறையில் அவர் இதை விளக்க முயன்றார். தேநீர் வந்திருந்தது. கண்ணாடித் தம்ளர்களை மேசையில் வரிசையாக வைத்து, ஒன்றில் ஒரு மடக்கு, இன்னொன்றில் அரைத் தம்ளர் என்று குடித்துக்கொண்டே போனார்.

“விளக்குறதுக்காக என் டீயையும் குடிக்கணுமா?” என்றார் வேதியியல் ஆசிரியர்.

“இருங்க சார். இது எல்லாம் எழுத்துப் பரீட்சை மார்க். பசங்க எடுத்தது. இப்ப நீங்க எல்லாம் நம்ம சொன்ன வரிசைப்படி நிக்கிறீங்க. முதல்ல நிக்கிறவருக்கு நிறைஞ்ச கிளாஸ். அடுத்தவருக்கு அதுக்கும் கொஞ்சம் குறைஞ்சது.”

“என் கிளாஸ் எது?”

“உங்க கிளாஸ்னு எதுவும் இல்ல. அதான் சங்கதியே.”

கணக்கு ஆசிரியை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “சராசரியா பார்த்தா இது நியாயம்தான் சார். படிக்கிற பிள்ளை ரெண்டுலயும் முதல்ல வரும். படிக்காதது ரெண்டுலயும் கடைசியா வரும். யாருக்கும் ஒண்ணும் நஷ்டமில்ல.”

“சராசரின்னா யாரு டீச்சர்? எந்த வகுப்புல படிக்கிறான்?”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் வேதியியல் ஆசிரியர் கடைசித் தம்ளரை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். “இது காலியா இருக்கே.”

“ஒருத்தன் எழுதாம வந்துட்டா அப்படித்தான் இருக்கும்.”

“அது யாருக்கு?”

“வரிசையில கடைசியா நிக்கிறவனுக்கு.”

“அவன் நல்லா எழுதியிருந்தாலுமா?”

“நல்லா எழுதியிருந்தாலும்.”

வேதியியல் ஆசிரியர் தம்ளரை மேசையில் திருப்பி வைத்தார். பிறகு மணி அடித்தது. யாருக்கும் அது தன் வகுப்பைப் பற்றிய விஷயமாகத் தோன்றவில்லை. விசிலுக்கும்தான்.

தொழில்நுட்ப ஆசிரியர் வெளிநாட்டு வேலை கிடைத்து ஆண்டு நடுவிலேயே போய்விட்டார். போகிறவர் யார் வயிற்றிலும் அடிக்க விரும்பாமல், வகுப்பில் இருந்த எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டுவிட்டுப் போனார். அந்தப் பள்ளியில் அதுதான் வழக்கம். விளக்கக் கூட்டத்துக்கு முன்பே போய்விட்டதால், முழு மதிப்பெண்ணால் இப்போது யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்பதை அறியாத மனநிம்மதி அவருக்கு வாய்த்தது. வாரியம் தாளைத் திருப்பி அனுப்பியது: ‘எல்லோரும் முதலிடம் என்பது ஏற்கப்படாது. வரிசை தருக.’

“ரூம்ல பசங்க செஞ்ச சாமான் எல்லாம் இருக்கு,” என்றார் தலைமையாசிரியை. “நீங்களே பார்த்து வரிசை போட்டுடுங்க சார். நான் கையெழுத்து போடறேன்.”

“எனக்கு கரண்ட் பத்தி என்ன மேடம் தெரியும்?”

“வேலை செய்யுதா இல்லையான்னு தெரியுமில்ல?”

தெரியும். அதுதான் பிரச்சினை.

வகுப்புக்கு ஆண்டு வேலையாகக் கொடுத்திருந்தது ஒரு நீர்த்தொட்டி எச்சரிக்கை மணி. தொட்டியில் நீர் ஒரு மட்டத்தைத் தொட்டதும் ஒலிக்க வேண்டும். ஒட்டுப்பலகைகளில் கம்பிகள் ஓட, அவை அலமாரியில் அடுக்கியிருந்தன. விசில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொன்றாக முக்கிப் பார்த்தார். சில கிணுகிணுத்தன. சில யோசித்துவிட்டுக் கத்தின. ஒன்று தண்ணீரிலிருந்து எடுத்த பிறகு ஒலித்தது. கடைசித் தட்டில் இருந்த ஒன்று, இரண்டு கம்பிகளும் நீரைத் தொட்ட கணத்தில் கூர்மையாக ஒலித்து, எடுத்ததும் சட்டென நின்றது. தொட்டி காலியாகும்போது வேறொரு குரலில் சொல்வதற்கும் அதில் ஒரு வழி வைத்திருந்தது. பலகையின் பின்னால் பெயர் எழுதவில்லை, தேவையும் இல்லை. இப்படிப் பற்றவைக்க அந்த வகுப்பில் ஒருத்தியால்தான் முடியும்.

அவள் மோட்டார் மெக்கானிக்கின் மகள். கொண்டையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு பள்ளிக்கு வருவாள். அதனால் பெயரே டெஸ்டர். பள்ளியில் எந்த மின்விசிறி நின்றாலும் வகுப்பு நடுவில் அவளைத்தான் அழைப்பார்கள்; அவளும் வகுப்பிலிருந்து வெளியேறக் கிடைக்கும் எந்த வாய்ப்பையும் விட்டவள் இல்லை. எழுதுவதென்றால் மட்டும் அவளுக்கு வேப்பங்காய். இறுதித் தேர்வில் பெயரை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடப் போவதாக அவள் வகுப்பு முழுக்கச் சொல்லியிருந்தாள். வகுப்பு ஊர் முழுக்கச் சொல்லியிருந்தது.

மகனுடைய மணியை விசில் கடைசியாக எடுத்தார். வாளியில் விட்டார். ஒலிக்கவில்லை. மின்கலத்தை மாற்றிப் பார்த்தார். கம்பியைத் திருகிப் பார்த்தார். வாளியையே மாற்றிப் பார்த்தார்.

அலமாரிக்கு முன் நின்றபடி அவர் அந்த வரிசையை மனதுக்குள் போட்டார். யாரும் குறை சொல்ல முடியாத வரிசை. முதலில் டெஸ்டர், கடைசியில் மகன். அதற்கடுத்து என்ன நடக்கும் என்பதும் அவருக்கு, அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவருக்கு மட்டும், தெரிந்தது. டெஸ்டர் வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து போவாள். வகுப்பின் காலித் தம்ளர் அது. அது அவளுக்குப் போகாது. வரிசையில் முதலில் நிற்பதால் அவளுக்கு வேறு யாரோ எழுதிச் சேர்த்த நிறைந்த தம்ளர் போகும், அதை வைத்து அவள் ஒன்றும் செய்யப்போவதில்லை. காலித் தம்ளர் நேராகக் கடைசி இடத்துக்கு வரும். மகன் எழுத்துத் தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறினாலும் மறுபாதி பூஜ்யம். தொழில்நுட்பம் போனால் ஐந்தும் போகும். வயதும் போகும்.

மெக்கானிக்கின் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. அப்பா வெளியே போயிருந்தார். டெஸ்டர் ஒரு பம்ப் மோட்டாரின் வயிற்றைப் பிளந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“சார்! பள்ளிக்கூடத்துல ஃபேன் நின்னுடுச்சா?”

“அதெல்லாம் ஓடுது. நீ நிஜமாவே எழுதப் போறதில்லையா?”

“வருவேன் சார். பேரை எழுதுவேன். அப்பாகிட்ட உள்ள போறேன்னு சொல்லியிருக்கேன், உள்ள போயிட்டு வருவேன்.”

“பேரோட நிறுத்திக்குவியா?”

“நம்பரும் எழுதணும்ல?” என்று சிரித்தாள். “எதுக்கு சார் எனக்கு அது? கடை இருக்கு. மோட்டார் எங்கிட்ட சர்டிபிகேட் கேக்குதா?”

“அப்போ மார்க் எவ்வளவு வந்தாலும் உனக்குக் கவலையில்ல.”

“வந்தா நீங்களே வெச்சுக்கங்க சார்.”

தாம் எதற்காகக் கேட்கிறோம் என்பதை அவர் அவளுக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளே சரி என்றிருப்பாள், பெரும்பாலும். அனுமதி கேட்டால் கிடைத்துவிடும் என்று உறுதியாக இருக்கும்போது கேட்காமல் விடுவதில் ஒரு சௌகரியம் உண்டு. “கொஞ்சம் யோசிச்சுப் பாரும்மா, படிப்பு வீணாப் போறதில்ல,” என்று ஆசிரியர்கள் சொல்லும் வழக்கமான வார்த்தையை வாசலில் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். ஒன்றுமே சொல்லாமல் போவது அநாகரிகமாகத் தோன்றியது, அவ்வளவுதான்.

வீட்டில் மனைவி முழுவதையும் கேட்டார். அவர் துணிக்கடையில் விற்பனையாளர். ஒன்றைப் பிரித்துக் காட்டினால் உடனே மடிக்கத் தெரிந்தவர்.

“அவளுக்கு வேணாம். இவனுக்கு வேணும். இதுல யோசிக்க என்னங்க இருக்கு?”

“அவளுது நல்லா அடிக்குது. இவனுது அடிக்கவே இல்ல.”

“அடிச்சா என்ன, அடிக்காட்டி என்ன? தொட்டியிலயா மாட்டப் போறாங்க?”

மகன் உள்ளறையிலிருந்து, “என்னுது அடிக்காதுப்பா, எனக்கே தெரியும்,” என்றான். அவன் குரலில் வருத்தம் இல்லை. தகவல் மட்டும் இருந்தது.

“நீ கணக்கப் போடு,” என்றார் அம்மா.

மறுநாள் தலைமையாசிரியை தாளைப் பார்த்துவிட்டுப் பேனாவை நிறுத்தினார். “இந்தப் பொண்ணா கடைசி? நம்ம ஃபேன் எல்லாம் இவதானே...”

“அவ எழுதப் போறதில்ல மேடம். முதல்ல போட்டா, அவ வெறுந்தாள் இன்னொரு பிள்ளை தலையில விழும்.”

“எந்தப் பிள்ளை?”

“கடைசியில யாரு இருந்தாலும்.”

“அப்போ இதுதான் நியாயம்,” என்று சொல்லி அவர் கையெழுத்திட்டார். உண்மையில் அதை மறுத்துப் பேசுவது கடினம். யாருக்கும் கெடுதல் இல்லாத ஒரு பொய்யை இருவர் சேர்ந்து முறைப்படி அனுப்பி வைத்தார்கள். தாள் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் கணக்கைத் தவிர வேறு பேச்சு இல்லாத நிலை திரும்பியது.

தொழில்நுட்பத் தேர்வு நாள் காலை வாசலில் மெக்கானிக் நின்றிருந்தார். எண்ணெய் படாத சட்டை அணிந்திருந்தார்; அவரை அப்படிப் பார்த்தவர்கள் குறைவு. விசிலைக் கண்டதும் வேகமாக வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்.”

“எனக்கா? எதுக்கு?”

“நீங்க கடைக்கு வந்து சொல்லிட்டுப் போனீங்களாமே. ஒரு வாத்தியார் வீடு தேடி வந்து சொல்றாருன்னா ஏதோ இருக்குன்னு அவளுக்குப் பட்டிருக்கு. அன்னைக்கே புஸ்தகத்த எடுத்துட்டா சார். அப்புறம் கரண்ட் ஆபீஸ்ல புதுசா ஒரு ரூல் போட்டிருக்காங்க. இனிமே வயரிங்குக்குக் கையெழுத்து போடணும்னா இந்தப் பாடத்துல ரெண்டாவது கிரேடாவது வேணுமாம். எனக்கு வயசாச்சு, என்னை விட்டுருவாங்க. அவளை விட மாட்டாங்க. சரியான நேரத்துல வந்தீங்க சார், நீங்க.”

விசில் என்ன பதில் சொன்னார் என்பது மெக்கானிக்குக்கு நினைவில்லை. ஏதோ சொன்னார், சத்தம்தான் வரவில்லை என்று பின்னால் சொன்னார். அந்தத் தொண்டையைத் தெரிந்தவர்கள் இதை நம்பவில்லை.

டெஸ்டர் இரண்டு பேனாவோடு வந்தாள். கொண்டையில் ஒன்றும் செருகியிருக்கவில்லை. கூடத்துக்குள் உலோகம் கூடாது. மகனுக்கு இரண்டு மேசை முன்னால் அவளுக்கு இடம். பொறுப்பாளர் என்ற முறையில் விசில் கூடத்தின் கதவோரம் நின்றார். தாள்கள் விநியோகமாயின. அவள் பெயரை எழுதினாள். எண்ணை எழுதினாள். பேனாவை வைத்தாள்.

பிறகு எடுத்தாள்.

மற்றவர்கள் கூரையைப் பார்த்தபோதும் சன்னலைப் பார்த்தபோதும் அவள் குனிந்தே இருந்தாள். எழுதப் பழகாத கை. ஒவ்வொரு எழுத்தையும் பற்றவைப்பதுபோல் வைத்துக்கொண்டு போனாள். படங்களை மட்டும் ஒரே வீச்சில் போட்டாள். மகன் நேரம் முடிவதற்கு முன்பே பேனாவை மூடி வைத்துவிட்டு, அப்பாவைப் பார்த்து, தேறிவிடலாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தான். அப்போது டெஸ்டர் கையைத் தூக்கினாள். கூடுதல் தாள் வேண்டும்.

கூடுதல் தாளில் பொறுப்பாளரே கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்பது விதி. விசில் நடந்து போய், கையெழுத்திட்டு, அவள் மேசையில் வைத்தார்.

“தாங்க்ஸ் சார்,” என்றாள் மெதுவாக. கூடத்தில் பேசக்கூடாது என்று கண்காணிப்பாளர் அதட்டினார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த அமைப்பைப் பலர் நினைப்பதுபோல் இரக்கமற்றது என்று சொல்லிவிட முடியாது. அது திருத்தத்துக்கு இடம் வைத்திருந்தது. எல்லாத் தேர்வுகளும் முடிந்து விடைத்தாள் பெட்டிகளுக்கு முத்திரை வைக்கும்வரை, பள்ளி தன் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: மாற்றத்தின் காரணத்தை எழுதி, பொறுப்பாளரும் தலைமையும் கையெழுத்திட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், இப்போது மாற்றினால் மகனுக்குப் பெரிய ஆபத்தும் இல்லை. காலித் தம்ளர் என்று ஒன்று இனி வகுப்பில் இல்லை. ஆகக் குறைந்த தாள் பெரும்பாலும் மகனுடையதாகவே இருக்கும். கடைசியில் நின்றால் அவனுக்கு அவன் எழுதியதே இரட்டிப்பாகத் திரும்பி வரும். தேறலாம், மயிரிழையில். தேறாமலும் போகலாம். மாற்றாமல் விட்டால் அந்தக் குறைந்த தாள் டெஸ்டருக்குப் போகும். அவளுடைய நல்ல தாள் வேறொருவருக்குப் போகும். மகன் ஒரு படி மேலே பத்திரமாக நிற்பான். மயிரிழை ஒரு பக்கம் இருந்தது. இன்னொரு பக்கம், காரணம் எழுத வேண்டிய அந்தக் காலிக் கட்டம் இருந்தது. முதலில் இருக்க வேண்டியவளை ஏன் கடைசியில் வைத்தீர்கள்? உங்கள் மகன் வரிசையில் எங்கே இருந்தான்? மகனுக்காகத்தான் தயங்கினார் என்று மனைவி இன்றும் நம்புகிறார். எனக்கு அந்தக் கட்டத்தின் மேல்தான் சந்தேகம்.

கடைசித் தேர்வு நாள் வந்தது. பெட்டிகளுக்கு அரக்கு உருக்கினார்கள். “எல்லாம் சரியா இருக்கா சார்? திருத்தம் ஏதாவது?” என்று வாரிய ஊழியர் வழக்கம்போல் கேட்டார். தலைமையாசிரியை விசிலைப் பார்த்தார். அரக்கு சொட்டிக்கொண்டிருந்தது.

“ஒண்ணும் இல்ல,” என்றார் விசில். அந்த ஆண்டு முழுவதும் அவர் பேசியதிலேயே ஆகச் சன்னமான வாக்கியம் அது.

முடிவுகள் வெளியானபோது மகன் ஐந்திலும் தேறியிருந்தான். வகுப்பில் முதலிடத்தில் வைக்கப்பட்டிருந்த ஒரு பையனுக்குத் தான் கனவிலும் எதிர்பாராத மதிப்பெண் வந்தது. அவன் பெற்றோர் மகிழ்ந்துபோய்ப் பள்ளிக்கு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். வாரியம் பள்ளிக்கு அனுப்பிய ஆய்வுக் குறிப்பில் தொழில்நுட்பப் பாடத்துக்கு நேராக இப்படி இருந்தது: ‘வரிசைக்கும் எழுத்துத் தேர்வுக்கும் இடையே ஒரே ஒரு முரண். அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்.’ தலைமையாசிரியை அந்தக் கடைசி இரண்டு சொற்களை மட்டும் ஆசிரியர் கூட்டத்தில் வாசித்தார். கைதட்டினார்கள்.

டெஸ்டர் ஒரு வாரம் கழித்து மைதானத்துக்கு வந்தாள். பிள்ளைகள் பயிற்சியில் இருந்தார்கள். கையில் மதிப்பெண் தாள்.

“சார், உங்களுக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம் தெரியும்னு சொன்னாங்க. மூணாவது கிரேடுனு போட்டிருக்கு. எழுத்துல நல்லா வந்திருக்கு சார், பாருங்க, நானே நம்பல. இன்டர்னல்தான் கீழ போயிருக்கு. என் பெல் அடிச்சுதுல்ல?”

“அடிச்சுது.”

“அப்புறம் எப்படி?”

அவர் அவளை நிழலில் உட்காரவைத்து விளக்கினார். வாரியத்துக்கு மதிப்பெண் தேவையில்லை, வரிசைதான் தேவை என்பதை விளக்கினார். எழுத்துத் தேர்வு மதிப்பெண்களை எப்படி அடுக்குவார்கள், எப்படிப் பிரித்துக் கொடுப்பார்கள் என்பதைத் தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். அவர் இவ்வளவு பொறுமையாக யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. பிள்ளைகள் பந்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவளுக்கு எல்லாம் புரிந்தது. சுற்றுக்கம்பி எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துப் பழகியவள்.

“அப்போ எனக்கு வந்தது வேற யாரோ எடுத்த மார்க்.”

“ஆமா.”

“கீழ இருந்த யாரோ.”

“ஆமாம்மா.”

“மறுபடி எழுதினா?”

“எழுத்துப் பரீட்சை மட்டும்தான் மறுபடி எழுதலாம். இந்த வருஷத்துலேருந்து வந்த விதிப்படி இன்டர்னல் மாறாது. இன்னும் மூணு வருஷத்துக்கு அதேதான்.”

அவள் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “வரிசை யாரு சார் போட்டது? ஊருக்குப் போன சாரா?”

“அவர் போகும்போது எல்லாருக்கும் முழு மார்க் போட்டுட்டுப் போனார்,” என்றார் விசில். அது உண்மை.

“பாவம், நல்ல சார்,” என்றாள் டெஸ்டர். தாளை நான்காக மடித்துக்கொண்டு எழுந்தாள். கடையில் இப்போதும் அவள்தான் எல்லா வேலையும் செய்கிறாள். முடித்த வேலைக்கு, மேல் தெருவில் இரண்டாம் கிரேடு வாங்கிய ஒருவன் வந்து கையெழுத்துப் போடுகிறான். விசில் அந்தப் பதவியில் இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தார். ஒரு பாடத்திலும் ஒரு முரணும் வரவில்லை.

அவர் செய்தது இவ்வளவுதான்: வகுப்பில் மிக நன்றாக வேலை செய்தவளைக் கடைசியில் எழுதினார், தன் மகனை அவளுக்கு மேலே எழுதினார், அவள் தேர்வு எழுதுவதைக் கண்ணால் பார்த்த பிறகும் அதைத் திருத்தவில்லை.